பாறை லில்லி

பன்னிரண்டு டாலர்களிலும் ஒரு ஆள் குந்திக்கொண்டிருந்தான்.

பட்டதாரி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். சாப்பாட்டு மேசைமேல் பழைய துண்டை விரித்து, இரண்டு வரிசையாக ஆறாறு டாலர்கள் வைத்திருந்தாள். சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறவை. சுற்றிலும் செம்புக் கம்பியில் அவளே முறுக்கிய கொடி, இலை, சுருள். நடுவில் கண்ணாடிக் குமிழ். குமிழுக்கு அடியில் மலை, பனி, ஏரி. ஏரிக்கரையில், நட்ட நடுவில், ஆரஞ்சு மழைக்கோட்டைத் தலையோடு மூடிக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவன்.

நேற்றுச் சாயங்காலம் ஒட்டியபோது பசை பால் மாதிரி வெளுத்திருந்தது. இப்போது காய்ந்து தெளிந்திருக்கிறது. பசையோடு சேர்ந்து அவனும் தெளிந்துவிட்டான்.

"அண்ணி, இங்க கொஞ்சம் வாங்களேன்."

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்தாள். தையல்காரி. இருட்டிலும் ஊசியில் நூல் கோக்கிற கண் அவளுக்கு.

"யாருடி இவன்?"

"உங்களுக்கும் தெரியுதா?"

"தெரியறதாவது! திரும்பி என்னை நலம் விசாரிக்காததுதான் பாக்கி."

"பூ மாதிரி தெரியலையா அண்ணி?"

"எந்தப் பூடி குந்திக்கிட்டு இருக்கும்?"

பட்டதாரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

வீட்டில் அவளுக்குப் பெயரே பட்டதாரிதான். அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாலும் கல்லூரிப் படி ஏறியவள் அவள் ஒருத்தி. பாராட்டாகத் தொடங்கிய பெயர், வேலை கிடைக்காத இரண்டு வருஷத்தில் குத்தலாகிவிட்டது. "பட்டதாரி, மோட்டாரைப் போடு." "பட்டதாரி எழுந்தாச்சா? மணி எட்டு." படித்தது தாவரவியல். செய்வது நகை. ஊர் சுற்றுகிறவர்கள் எடுத்து வரும் படங்களிலிருந்து இலையையும் கொடியையும் கூழாங்கல்லையும் பிரித்தெடுத்து, செம்பும் கண்ணாடியுமாகக் காதுக்கும் கழுத்துக்கும் கொண்டுவருவாள். அவள் எந்த ஊரையும் சுற்றியதில்லை. கல்லூரிச் சுற்றுலாவுக்கே பெயரைக் கொடுத்துவிட்டுப் பிறகு அதை அடித்துவிடச் சொன்னவள்.

அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். அவருக்குத் தெரிந்த டைல்ஸ் குடோனில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆள் கேட்டிருந்தார்கள். "திங்கக்கிழமை போய் உக்காரு. நிழல்ல, ஃபேனுக்குக் கீழ வேலை. இந்தக் கம்பி முறுக்குற விளையாட்டெல்லாம் போதும்" என்று கெடு வைத்துவிட்டார்.

அந்தக் கெடுவிலிருந்து தப்பிக்க இருந்த ஒரே வழி, இந்தப் பன்னிரண்டு டாலர். மலைகளைப் படம் பிடித்துப் பேர் வாங்கிய மேடம் ஒருவர், சொந்தமாகக் கேலரியும் வைத்திருப்பவர், இன்று மாலை ஐந்து மணிக்குக் கண்காட்சி திறக்கிறார். வருகிற பன்னிரண்டு முக்கியஸ்தர்களுக்கும் அவருடைய பரிசு வாங்கிய படத்திலிருந்தே செய்த டாலர். நன்றாக வந்தால், கேலரி வாசலில் இருக்கிற கண்ணாடி அலமாரி ஒரு வருஷத்துக்கு அவள் நகைகளுக்கு.

அந்தப் படத்தின் பெயர் 'தனிமை'.

வேலை கேட்டு அவள் போன அன்று, கேலரிச் சுவரில் அது ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தது. பனிக்குள் மங்கலாக ஒரு ஆரஞ்சுக் கறை. "மூணு நாள் அந்த மலையில நானும் கேமராவும் மட்டும். துணைக்கு அந்த ஒத்தைப் பூ" என்று மேடம் சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அது என்ன பூன்னுதான் இதுவரைக்கும் யாருக்கும் தெரியல."

தெரியாது என்று பட்டதாரியும் பேசாமல் நின்றிருக்கலாம். ஆனால் மூன்று வருஷம் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தவளுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. ஏசி அறையில், சென்ட் போட்ட நாலு பேருக்கு முன்னால், தலைகீழாக நின்றாலும் வராது.

"பாறை லில்லி, மேடம். ஈரப் பாறையிலதான் வரும். அபூர்வம்."

அப்படி ஒரு பூ உலகத்தில் கிடையாது. ஆனால் மேடம் அப்படியே உருகிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வேலையும் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனை: "ஒவ்வொரு டாலர்லயும் அந்த லில்லி நடுவுல வரணும்."

வந்துவிட்டது. சுவரில் கறையாகப் பரவிக் கிடந்தது, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கியதும் ஒன்றுகூடி ஆளாகிவிட்டது. மேலே வைத்த குமிழ் வேறு பூதக்கண்ணாடி மாதிரி அவனைத் தூக்கிக் காட்டியது.

அம்மாவும் வந்து பார்த்தாள். "மீன் பிடிக்கிறானோ?"

"தூண்டில் எங்கம்மா?"

"அப்ப வேற வேலையாத்தான் குந்தியிருக்கான்" என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். "காலங்காத்தால இதை எந்த மகராசி கழுத்துல மாட்டிப்பா?"

போன் அடித்தது. மேடம்.

"என்னம்மா, லில்லி நடுவுல வந்திருக்கா?"

"வந்திருக்கு மேடம். நட்ட நடுவுல."

"ரெண்டு மணிக்கு டிரைவரை அனுப்பறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணை போட்டோ எடுத்து அனுப்பு. பார்த்துட்டுத்தான் அலமாரி விஷயம் பேசுவேன்."

அப்போது மணி எட்டரை.

முதலில் தோன்றியது நேரான யோசனைதான். டாலர்களை வெந்நீரில் போட்டால் பசை விட்டுக் கண்ணாடி கழன்றுவிடும். உள்ளே இருக்கிற படம் நாசமாகும், ஆகட்டும். அந்த ஆளை மட்டும் மங்கலாக்கிப் புதிதாகப் படம் அச்சடித்து வைத்தால் மறுபடி கறையாகிவிடுவான். பன்னிரண்டையும் பாத்திரத்தில் போட்டுவிட்டு, தெருமுனை பிரிண்ட் கடைக்கு ஓடினாள்.

"மங்கலாவா?" கடைக்காரர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"ஆமாண்ணே. நடுவுல அந்த ஆரஞ்சு இருக்கு பாருங்க, அதை மட்டும்."

"பாப்பா, பத்தொன்பது வருஷமா கடை நடத்தறேன். மங்கலா இருக்குன்னு சண்டைக்கு வந்தவங்களைப் பார்த்திருக்கேன். மங்கலா வேணும்னு வந்தது நீதான்."

"கலைண்ணே. உங்களுக்குப் புரியாது."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கடைக்காரர் அரைமணி நேரம் கம்ப்யூட்டரைத் தட்டினார். உறையைப் போட்டு ஒட்டிக் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பிரித்தாள். ஒரே தாளில் நாற்பது குட்டிப் படங்கள். நாற்பதிலும் அவன் பளிச்சென்று இருந்தான். மழைக்கோட்டின் மடிப்புத் தெரிந்தது. செருப்பின் அடி தெரிந்தது. ஒரு கை கன்னத்தில் இருந்தது. எதையோ தீவிரமாக யோசிக்கிறான் என்பதுகூடத் தெரிந்தது.

போன் போட்டாள். "என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

"பார்த்தியா? அது பூ இல்ல பாப்பா, ஆளு! நீ கவனிக்கல போலிருக்கு. இழுத்துப் பிடிச்சுத் தெளிவாக்கிட்டேன். கலை எனக்கும் புரியும்."

"திரும்ப அடிச்சுக் குடுங்க!"

"கடையைப் பூட்டிட்டேனே. மச்சான் வீட்டுக்குக் கிளம்பிட்டேன்."

பழைய படங்கள் வெந்நீரில் கூழாகிவிட்டன. கையில் இருப்பது இந்த நாற்பது சிந்தனையாளர்கள்தான்.

"பூன்னு சொன்னவ நீ. பூவாக்கிடு" என்றாள் அண்ணி. "தூரிகையை எடு. அவனைச் சுத்தி நாலு இதழைப் போடு. அப்புறம் அவன் நடுவுல மகரந்தம் மாதிரி ஆயிடுவான்."

யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஒற்றை முடித் தூரிகையில் ஆரஞ்சைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து இதழ் வரைந்தாள். வெயிலில் வைத்தால் கால் மணியில் காய்கிற பசை அவளிடம் இருந்தது. குமிழை ஒட்டி மாடிச் சுவரில் வைத்துக் காத்திருந்து எடுத்தாள்.

துணி காயப்போட வந்த அம்மா அதை எட்டிப் பார்த்தாள். உடனே பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா பண்றே?"

"பூவுக்குள்ள உக்காந்திருக்காரேடி. எந்த சாமி?"

"அம்மா, காலைல இவனைப் பார்த்துத்தானே முகத்தைச் சுளிச்சே?"

"தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சுக்குவார்."

அண்ணி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். பட்டதாரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இந்த வீட்டில் ஆள் என்றால் எடுத்துவிடலாம், சாமியாக்கிவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது. அதையும் வெந்நீரில் போடக் கீழே எடுத்துப் போனாள். அம்மா "அபசாரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே துணியை உதறினாள்.

மணி பதினொன்று.

அடுத்து உண்மையான பூ. பழைய நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவே அமுக்கிக் காயவைத்த இதழ்கள் அவளிடம் நிறைய உண்டு. அதில் ஆரஞ்சு இதழ் ஒன்றை நகக்கண் அளவுக்கு நறுக்கி, அவன்மேல் போர்த்தினாள். சுத்தமாக மறைந்துபோனான். இயற்கைக்கு இயற்கையும் ஆயிற்று. "ஏன் இது முதல்லயே தோணல?" என்று தன்னையே திட்டிக்கொண்டு, குமிழை ஒட்டி வெயிலில் வைத்தாள்.

காய்ந்த இதழ் பசையைக் குடித்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இது அவளுக்கே தெரிந்த பாடம். அவசரத்தில் மறந்துபோனது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று அண்ணியிடம் நீட்டினாள். தனக்குப் பார்க்கத் தைரியமில்லை.

அண்ணி வெகுநேரம் பார்த்தாள். "ஈரத் துண்டைக் கட்டிக்கிட்டுக் குளிக்கிறான்."

"அண்ணி!"

"பொய் சொல்லணும்னா சொல்றேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாலும் மறைக்கலாம், இவனை உன்னால மறைக்க முடியாதுடி."

மறுபடி போன். மேடத்தின் குரலில் தேன் வழிந்தது.

"ஒரு சந்தோஷமான விஷயம். தாவரவியல் துறைத் தலைவர் ஒருத்தர் இன்னைக்கு வர்றார். பாறை லில்லின்னு சொன்னேன், துள்ளிக் குதிச்சிட்டார். வரமுடியாதுன்னு சொன்ன ஒருத்தரோட டாலரை அவருக்குக் குடுத்துடலாம். லென்ஸ் எடுத்துட்டு வர்றாராம்."

பட்டதாரி போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல" என்றாள் அண்ணி. "அந்தம்மா தனியாத்தானே மலைக்குப் போச்சு? அப்ப இவன் யாரு?"

"எவனாவது ஊர்க்காரனா இருப்பான்."

"மூணு நாள் மனுஷ வாடையே இல்லேன்னுதானே சொல்லிச்சு? சரி, அந்தம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. எங்க போனாலும் டிரைவர்தான்."

"அப்புறம்? கார் தானா மலையேறுச்சா?"

பட்டதாரி மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

டிரைவர்! பெட்டியைத் தூக்கியவர், கேமரா முக்காலியைச் சுமந்தவர், அடுப்பு மூட்டிக் குடிக்க ஏதாவது சூடாகக் கொடுத்தவர். மூன்று நாள் பக்கத்திலேயே ஒரு மனிதர் நின்றிருக்கிறார். ஆனாலும் படத்துக்குப் பெயர் 'தனிமை'. சம்பளம் கொடுக்கிற ஆளை ஆள் கணக்கில் சேர்க்கிற வழக்கமில்லை போலிருக்கிறது. அவசரத்துக்கு ஒதுங்கிய மனிதரைப் பூ என்று சொல்லிப் பரிசும் வாங்கியாயிற்று.

"எவ்வளவு திமிரு பாருங்க அண்ணி!"

"அந்தப் பூவுக்குப் பேர் வச்சதே நீதான்."

பட்டதாரி கடிகாரத்தைப் பார்த்தாள். மணியோ பன்னிரண்டு. கோபத்தைத் திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்துவிட்டு, செம்புத் தகட்டை எடுத்தாள். மெல்லிய தகட்டில் கத்தரியால் ஐந்து இதழ்ப் பூவை வெட்டி, நடுவில் ஆணி முனையால் ஒரு குழி தட்டி, அவன்மேல் ஒட்டினாள். செம்பு எந்தப் பசையையும் குடிக்காது. எந்தப் பேராசிரியர் லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் செம்புக்குக் குடும்பமும் கிடையாது, பேரினமும் கிடையாது.

விரல் நுனியெல்லாம் வெட்டுப்பட்டு, ஒன்றே முக்கால் மணிக்குப் பன்னிரண்டும் முடிந்தன. பனியும் ஏரியும், நடுவில் சின்னஞ்சிறு செம்புப் பூவும். வெயிலில் சாய்த்தால் பூ மட்டும் பற்றிக்கொள்வது போல மின்னியது. பார்த்த அண்ணியே ஒரு நிமிஷம் பேசவில்லை. அவள் வாயடைத்தது அந்த வீட்டில் இரண்டாவது தடவை. முதல் தடவை அவள் கல்யாணத்தன்று.

போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒரே நிமிஷத்தில் பதில் குரல்.

"அற்புதம்மா! இந்தப் பூவுக்கு உயிர் குடுத்துட்டே. அலமாரி உனக்குத்தான். திங்கக்கிழமை வந்து சாவியை வாங்கிக்கோ."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா, கைகால்களில் சிமெண்ட் வெள்ளையோடு வாசலிலேயே நின்று விஷயத்தைக் கேட்டார். அண்ணி நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினாள். சாமி கட்டத்தில் அப்பாவும் சிரித்தார். டிரைவர் கட்டம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நான் ஒட்டின வீட்டுல குடிவர்ற அன்னைக்கு எல்லாரும் நின்னு போட்டோ எடுப்பாங்க" என்றார், காலைக் கழுவிக்கொண்டே. "நான் ஓரமா ஏதாவது பூசிக்கிட்டு இருப்பேன். 'கொஞ்சம் தள்ளிக்கோப்பா'ன்னு சொல்வாங்க. தள்ளிக்குவேன்."

மறுகாலுக்கும் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினார்.

"இப்ப எம்பொண்ணு அந்த ஆளைத் தள்ளி நிக்க வச்சிட்டா. பரவால்ல, படிச்ச பொண்ணு. தகடு வச்சுல்ல தள்ளியிருக்கா."

அவர் குத்திச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

பட்டதாரி உள்ளே போனாள். மிச்சம் ஒரு குமிழ் இருந்தது. ஒரு செம்புச் சட்டமும் இருந்தது. நாற்பது படங்களில் நல்லதாக ஒன்றை எடுத்து, இதழ் இல்லாமல், வர்ணம் இல்லாமல், தகடு இல்லாமல், அந்த மனிதரை அவர் குந்தியிருந்தபடியே வைத்து ஒட்டினாள்.

"எதுக்குடி பதிமூணாவது?" அண்ணி பின்னாலேயே வந்தாள்.

"டிரைவருக்கு."

"பைத்தியமா உனக்கு? அந்த ஆள் அதை நேரா மேடத்துக்கிட்டக் காட்டுவான். 'பூ இல்லேன்னு தெரிஞ்சேதான் பொய் சொன்னியா'ன்னு உன்னைத்தான் கேக்கும். சாவி கைக்கு வரல இன்னும்!"

"காட்டட்டும்."

"குடோன்ல டைல்ஸ் எண்ணிக்கிட்டு உக்காரப் போறே."

"எண்ணிட்டுப் போறேன் அண்ணி. எங்கப்பாவைத் தள்ளி நிக்கச் சொன்னவங்க எல்லாரும் மேடம் மாதிரியே நல்லாப் பேசினவங்கதான். நானும் அப்படி நல்லாப் பேசி அலமாரி வாங்க வேண்டாம்."

வாசலில் ஹாரன் கேட்டது.

டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, பன்னிரண்டு டாலர் அடுக்கிய பெட்டியைப் பச்சைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார்.

"அண்ணே, ஒரு நிமிஷம்." பட்டதாரி பதிமூன்றாவதை நீட்டினாள். "இது உங்களுக்கு. அந்த மலைக்கு மேடம்கூடப் போனது நீங்கதானே?"

"ஆமாம்மா. நான்தான். வேற யாரு?"

"என்னை மன்னிச்சிருங்கண்ணே. படத்துல நீங்க இருக்கீங்க. எல்லாரும் உங்களைப் பூன்னு சொல்லிட்டாங்க. நானும் சொன்னேன். இந்தப் பன்னிரண்டுலயும் உங்களைத் தகடு வச்சு மறைச்சிருக்கேன். இதுல மட்டும்தான் மறைக்கல. நீங்க மேடத்துக்கிட்டச் சொன்னாலும் பரவாயில்ல."

அண்ணி கதவுக்குப் பின்னால் தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்பா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்து நின்றார்.

டிரைவர் பெட்டியைக் காரின் முன்சீட்டில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு டாலரைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். மறுபடி கிட்டே கொண்டுபோனார். மீசை துடித்தது. அழுகிறார் என்றுதான் பட்டதாரி நினைத்தாள். தோள் குலுங்கிய பிறகுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்க முடியாமல் கார் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"நான் எப்படிம்மா இதுல இருப்பேன்? 'இதைக் கொஞ்சம் பிடி, அந்தப் பக்கம் ஒதுங்கிட்டு வந்துடறேன்'னு மேடம் கேமராவை என் கையில குடுத்துட்டுப் போனாங்க. நான்தான் சும்மா இருக்க முடியாம பட்டனை ஒரு அமுக்கு அமுக்கிட்டேன்."